எல்லா டெஸ்டும் நார்மல், அப்பா மட்டும் நார்மலாக இல்லை

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. ஐந்து மாதம் முன்புவரை அவருடைய நாள் ரேடியோ டேபிளில்தான் தொடங்கும். கெட்டுப்போன ரேடியோக்களை எங்கிருந்தாவது வாங்கி வந்து, பிரித்து, பாட வைத்து, யாருக்காவது கொடுத்துவிடுவார். தொழில் என்று சொல்ல முடியாது, ஒரு பைத்தியம். இப்போது அந்த டேபிள் மேல் ஒரு துணி கிடக்கிறது. போர்த்தியவரும் அவர்தான்.

முதுகுவலியில் ஆரம்பித்தது. அப்புறம் வயிறு, மலச்சிக்கல், நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி. ஈசிஜி, ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று. மூன்று டாக்டர்கள், மூன்று ஃபைல்கள், ஒரே பதில்: ஒன்றுமில்லை. ஆனால் ஆறு கிலோ இளைத்திருக்கிறார். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினால் எரிந்து விழுகிறார். எங்களை ஒருநாளும் அதட்டாத மனிதர் இவர்.

"மூளை போயிடுச்சும்மா, எதுவும் நிக்க மாட்டேங்குது" என்று தினமும் சொல்கிறார். நேற்று யார் வந்தார்கள் என்று கேட்டால் "தெரியலை, விடு" என்கிறார். அழுகை கிடையாது, புலம்பலும் கிடையாது. அண்ணன் வயசுதான் காரணம் என்கிறான். எனக்கு மறதி நோயோ என்று பயம். யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

---

தெருவிளக்கு

74 வயதில் முதுகு வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் அம்மாவும் இப்படித்தான், 78. அவர்களை விட்டுவிடுங்கள், ஓய்வெடுக்கட்டும். எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டீர்கள், நார்மல் என்று வந்துவிட்டது. நல்ல செய்திதானே அது?

---

மாலைநடை

மகளே, எனக்கு 71. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். டேபிள் மேல் துணி போர்த்திய இடத்தில் நின்றுவிட்டேன்.

மூன்று வருடம் முன்பு எனக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. அதற்கு டிப்ரெஷன் என்று பெயர் என்பது எனக்குத் தெரியவே இல்லை. யாராவது "வருத்தமா இருக்கீங்களா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். உண்மையும் அதுதான். வருத்தப்படவும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே. எனக்கு அதுவும் இல்லை. பேரன் வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வான். இது சந்தோஷமான விஷயம் என்று தெரியும், ஆனால் சந்தோஷம் வராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிற மாதிரி.

காலைதான் மோசம். மூன்றரைக்கு விழிப்பு வரும். அந்த நேரத்தில் வாழ்க்கையில் செய்த தவறெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். 1979ல் ஒருவரிடம் கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுக்க ஒரு மாதம் தாமதித்தது உட்பட. விடியும்போது எழுந்து பல் துலக்குவது மலையேறுகிற வேலையாகத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் தெளிவேன். வீட்டில் எல்லோரும் என்னைப் பார்ப்பது அந்த நேரத்தில்தான். அதனால் "அப்பா நல்லாத்தானே இருக்கார்" என்று நினைத்தார்கள்.

வலி நடிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தோள்பட்டை. மெய்யாகவே வலித்தது. மனசு சரியாக ஆரம்பித்ததும் வலியும் பாதியாகக் குறைந்தது. எங்கள் தலைமுறையில் மனசு வலிக்கிறது என்று சொல்லப் பழகவில்லை. முதுகு வலிக்கிறது என்று சொல்லத்தான் தெரியும்.

---

ஓய்வுபெற்றஸ்டெத்

நான் பொது மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆளைப் பார்க்காமல் இன்னதுதான் என்று சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் நூல்கண்டு எழுதியிருக்கும் பட்டியல் (பிடித்ததை விட்டது, எடை குறைவு, விடிகாலை விழிப்பு, எரிச்சல், காரணம் கிடைக்காத வலி, மறதி பற்றிய முறையீடு) வயதானவர்களுக்கு வரும் மனச்சோர்வை முதலில் நினைக்க வைக்கிறது. ஒரு காலத்தில் நானும் இப்படி வந்தவர்களுக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்தக் குற்ற உணர்வில்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மறதி விஷயம். மனச்சோர்வே மறதி நோய் போல வேஷம் போடுவது உண்டு. 1961ல் லெஸ்லி கைலோ என்ற மனநல மருத்துவர் இதற்குப் 'போலி டிமென்ஷியா' என்ற பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. மறதி நோய் உள்ளவர் பெரும்பாலும் தன் மறதியை மறைப்பார், சமாளிப்பார், தவறான பதிலைத் தைரியமாகச் சொல்வார். வீட்டார்தான் கவலைப்பட்டு அழைத்து வருவார்கள். மனச்சோர்வு உள்ளவர் "எனக்கு எல்லாம் மறந்துபோச்சு" என்று தானே முறையிடுவார். கேள்வி கேட்டால் முயலாமலே "தெரியலை, விடு" என்பார். உங்கள் அப்பா சொன்ன அதே வார்த்தை! இன்னொன்று வேகம்: மறதி நோய் வருடக்கணக்கில் ஊர்ந்து வரும், இது வாரங்களில் அல்லது சில மாதங்களில் வந்துவிடும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். முதுமையில் முதல்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்குப் பின்னால் வரப்போகும் மறதி நோயின் முன்னோட்டமாகவும் இருப்பதுண்டு. ஆகவே சரியான பிறகும் நினைவாற்றலை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினாலோ, தூங்கி வழிந்தாலோ அது வேறு கதை. கிருமித்தொற்று, உப்புக் குறைவு, மருந்துக் கோளாறு என்று எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீங்கள் எடுத்த பரிசோதனைகளில் தைராய்டு, பி12, ரத்தச் சோகை, சோடியம் (ரத்தத்தில் உள்ள உப்பு), சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் பி12 குறைபாடும் அப்படியே மனச்சோர்வு மாதிரி காட்டும். ஆறு கிலோ எடை குறைவுக்கு உடம்பில் வேறு காரணம் இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். நடை மெதுவாகி, முகம் உணர்ச்சியற்றுப் போயிருந்தால் பார்கின்சன் நோயா என்று கேளுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அப்பா சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை, மது எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

---

இரட்டைக்குடை

முதியோர் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வயதானவர்களுக்கென்றே 15 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோல் ஒன்று இருக்கிறது. எல்லாமே ஆம், இல்லை கேள்விகள். முதலில் 30 கேள்விகளோடு 1980களின் தொடக்கத்தில் வந்தது, 1986ல் 15 ஆகச் சுருக்கினார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், தூக்கம், பசி, வலி பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. வயதானால் அவற்றில் எப்படியும் கோளாறு வரும் என்பதால் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். பழைய வேலைகளைக் கைவிட்டீர்களா, வாழ்க்கை வெறுமையாகத் தெரிகிறதா, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கத் தோன்றுகிறதா என்று போகும். ஐந்துக்கு மேல் வந்தால் டாக்டரிடம் முறையாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அதுவே நோய்ச் சான்றிதழ் கிடையாது.

இன்னொரு சின்ன விஷயம்: காது, கண். காது கேட்காதவர் பேச்சிலிருந்து மெல்ல விலகுவார். நாம் அவர் ஒட்டாமல் இருக்கிறார் என்போம். கூடவே அதையும் பாருங்கள்.

---

தெருவிளக்கு

மன்னிக்கவும், ஒத்துக்கொள்ள முடியவில்லை. நண்பர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள், உடம்பு ஒத்துழைப்பதில்லை, வீட்டில் யாரும் யோசனை கேட்பதில்லை. இப்படி இருந்தால் மனசு வாடாதா? நியாயமான துக்கத்துக்கெல்லாம் நோய் என்று பெயர் வைத்து மாத்திரை விற்கிறார்கள். மன அழுத்தம் இல்லாதவர் இன்றைக்கு யார்?

---

ஓய்வுபெற்றஸ்டெத்

கேள்வியில் நியாயம் இருக்கிறது. முதலில் வார்த்தையைச் சரிசெய்வோம். மன அழுத்தம் என்று நாம் டென்ஷனுக்கும் சொல்கிறோம், டிப்ரெஷனுக்கும் சொல்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான். வேலை நெருக்கடியில் வருவது அழுத்தம், அது தளர்ந்தால் போய்விடும். நான் பேசுவது மனச்சோர்வைப் பற்றி. கிட்டத்தட்ட நாள் முழுவதும், ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, சாப்பாடு, தூக்கம், சிந்தனை எல்லாவற்றையும் பிடித்து இழுப்பது அது.

துக்கம் அலை அலையாக வரும். இறந்தவரின் சட்டையைப் பார்த்தால் அழுகை வரும், அரை மணியில் பழைய கதை ஒன்று சொல்லிச் சிரிப்பார். தன்னைப் பற்றிய மதிப்பு கீழே போகாது. மனச்சோர்வில் அந்தச் சிரிப்பு வராது. "நான் எதுக்கும் லாயக்கில்லை, எல்லாருக்கும் பாரம்" என்பது ஓடிக்கொண்டே இருக்கும். காரணம் நியாயமானதாக இருப்பதால் சிகிச்சை வேண்டாம் என்று ஆகிவிடாது. படியில் விழுந்து கால் உடைந்தால், விழுந்ததுதான் காரணம் என்று சொல்லிக் கட்டுப் போடாமல் விடுகிறோமா?

வயதானவர்களில் பெரும்பாலானோருக்கு மனச்சோர்வு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வயதுதான் காரணம் என்றால் எல்லோருக்கும் வர வேண்டும்.

---

கதவுத்தாழ்

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. என் மாமனார் விஷயம்.

அவரும் அழவில்லை. கைக்கடிகாரத்தை என் கணவரிடம் கொடுத்தார், வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டினார், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று ஒருநாள் சொன்னார். பெரியவர்கள் பேசுகிற பேச்சுதானே என்று விட்டுவிட்டோம். யாரும் நேராகக் கேட்கவில்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று நினைத்தோம். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

கேட்பதால் அந்த எண்ணம் வராது என்பதைப் பிறகுதான் ஒரு மனநல மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். நூல்கண்டு, தயவுசெய்து கேளுங்கள். சுற்றிவளைக்காமல்.

---

இரட்டைக்குடை

கதவுத்தாழ், எழுதியதற்கு நன்றி. உங்கள் மேல் பழி இல்லை.

இதை யாரும் கடந்துபோகாதீர்கள். உலகத்தில் பல நாடுகளில் தற்கொலை விகிதம் முதியவர்களிடம்தான் அதிகம், அதிலும் ஆண்களிடம். அவர்கள் முன்கூட்டிச் சொல்வது குறைவு. "செத்துப்போனாத் தேவலைன்னு தோணுதாப்பா? உயிரை விட்டுடணும்னு நினைச்சதுண்டா?" என்று நிதானமாகக் கேளுங்கள். ஆம் என்றால் பதறாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், அல்லது உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். வீட்டில் சேர்ந்திருக்கும் பழைய மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். சாப்பாட்டையும் தண்ணீரையும் மறுப்பதும் அவசர நிலைதான்.

---

நூல்கண்டு (6 நாள் கழித்து)

கேட்டேன்.

இரவு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரட்டைக்குடை எழுதிய வார்த்தைகளையே கிட்டத்தட்ட மனப்பாடமாகச் சொன்னேன். நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம் "அவ்வளவு தூரம் போகலைம்மா. ஆனா காலையில எழுந்திருக்காமலே போயிட்டா நல்லதுன்னு தோணும்" என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன், எதுவும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் தெரியவும் இல்லை.

மறுநாளே டாக்டரிடம் போனோம். அந்த 15 கேள்விகளில் 11 வந்தது. தைராய்டு சரி. பி12 குறைவு, ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். நினைவாற்றல் சோதனையில் நேரம் கொடுத்து ஊக்கப்படுத்தியதும் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னார். மனச்சோர்வுதான் என்றார் டாக்டர். செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதியிருக்கிறார், பேச்சு சிகிச்சைக்கும் அனுப்பியிருக்கிறார். அண்ணன் மாத்திரை வேண்டாம், அடிமையாகிவிடுவார் என்கிறான். என்ன செய்வது?

---

ஓய்வுபெற்றஸ்டெத்

இந்த வகை மாத்திரைகளுக்கு மதுவைப் போலவோ தூக்க மாத்திரையைப் போலவோ ஏங்குகிற அடிமைத்தனம் வராது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். அதனால் நிறுத்தும்போது டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். உண்மையில் பயப்பட வேண்டியது 'தூங்கட்டும் பாவம்' என்று யாராவது தரும் டயசிபாம், அல்பிரசோலம் வகையறாக்களுக்கு. முதியவர்களை அவை கீழே தள்ளிவிடும், இடுப்பெலும்பு முறிந்தால் அது இன்னொரு வருடக் கதை. அமிட்ரிப்டிலின் மாதிரியான பழைய மனச்சோர்வு மருந்துகளும் இந்த வயதில் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் எல்லாம் தரக்கூடியவை. செர்ட்ராலின் வகையையே சேர்ந்த சிட்டலோப்ராம் கொடுத்தால் 60 வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, இதயத் துடிப்பின் லயம் கெடும்.

செர்ட்ராலினில் முதல் வாரம் குமட்டல் இருக்கலாம். பலன் உடனே தெரியாது. நான்கு வாரத்துக்கு முன் தீர்ப்பு எழுதாதீர்கள், முதியவர்களுக்கு எட்டு, சில சமயம் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை தொடர வேண்டும். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ கூடச் சாப்பிட்டால் ரத்தக் கசிவு வாய்ப்பு கூடும். முக்கியமாக, இந்த மருந்து முதல் சில வாரங்களில் ரத்த சோடியத்தைக் குறைக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த ஆபத்து அதிகம். அப்பா அப்படி ஏதாவது சாப்பிடுகிறாரா?

---

இரட்டைக்குடை

மாத்திரையை டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் என்ன செய்வது என்று நான் சொல்கிறேன். மனசு சரியானால் வேலை செய்வார் என்று காத்திருக்காதீர்கள். சின்ன வேலை முதலில், மனசு அதன் பின்னால் வரும். இதையே முறைப்படுத்தி ஒரு சிகிச்சையாகச் செய்கிறார்கள்.

"உற்சாகமா இருங்கப்பா, ரேடியோவைச் சரிபண்ணுங்க" என்றால் நடக்காது. ரேடியோவைச் சரிபண்ணுவது அவருக்கு இப்போது நூறு படி. முதல் படி, துணியை எடுப்பது. இரண்டாவது படி, ஒரு ரேடியோவின் பின்மூடியில் நான்கு திருகாணிகளைக் கழற்றுவது. அதோடு முடித்துக்கொள்ளலாம். தினமும் ஒரே நேரத்தில் ஒரு சின்ன நடை, அதுவும் காலை வெயிலில். நீங்களும் கூடப் போங்கள், பேசியே ஆக வேண்டும் என்றில்லை.

எல்லா வேலையையும் அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். அன்பில்தான் செய்கிறோம். ஆனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைக்கூட நாம் எடுத்துக்கொண்டால், தேவையில்லாத ஆள் என்ற அவருடைய எண்ணத்துக்கு நாமே கையெழுத்துப் போடுகிறோம்.

அமெரிக்காவில் 60 வயதுக்கு மேற்பட்ட 1801 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2002ல் வெளியிட்டார்கள். தொடர்ந்து ஒருவர் போன் செய்து விசாரிப்பது, சின்னச் சின்ன வேலைகளைத் திட்டமிட உதவுவது, பலன் இல்லாவிட்டால் மருந்தை மாற்றுவது, இவ்வளவுதான் கூடுதலாகச் செய்தது. ஒரு வருடத்தில் 45 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் மேலோ குறைந்தன. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 19 சதவீதம்தான். யாரோ ஒருவர் விடாமல் பின்தொடர்வதுதான் விஷயம். உங்கள் வீட்டில் அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் மட்டும் என்றால் நீங்கள் உடைந்துபோவீர்கள். அண்ணனுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

---

நூல்கண்டு (3 வாரம் கழித்து)

ஒரு பெரிய தவறு செய்துவிட்டேன். எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

டாக்டர் ஐயா கேட்ட கேள்வியை நான் சரியாகப் படிக்கவில்லை. அப்பா பல வருடமாக ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அது வேறு டாக்டர் கொடுத்தது, அதனால் என் பட்டியலில் இல்லை. அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரியும் மருந்து இருந்திருக்கிறது. பன்னிரண்டாம் நாள் அப்பா தூங்கி வழிந்தார், தள்ளாடினார், என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒருவர் "வயசுதான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். இந்த இழையைப் படித்திருந்ததால் சோடியம் பார்க்கச் சொல்லி அடம்பிடித்தேன். 123! இருக்க வேண்டியது 135க்கு மேல். நான்கு நாள் உள்ளே இருந்தார்.

இப்போது செர்ட்ராலின் இல்லை, மிர்ட்டசபின் இரவில். ரத்த அழுத்த மாத்திரையும் மாற்றியாகிவிட்டது. தெளிந்துவிட்டார். நான்தான் தெளியவில்லை.

---

ஓய்வுபெற்றஸ்டெத்

அடம்பிடித்தீர்கள் பாருங்கள், அதுதான் காப்பாற்றியது. புதிய மருந்து எழுதும்போது பழைய மருந்துகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எழுதுகிறவரின் பொறுப்பும்கூட. மிர்ட்டசபினில் அந்த ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு வாரத்தில் மறுபடி சோடியம் பாருங்கள். அவருக்கு வேண்டிய தூக்கமும் பசியும் இந்த மருந்தின் உப பலன்கள்.

---

தெருவிளக்கு

இதைத்தானே சொன்னேன், மாத்திரை ஆபத்து என்று. சரி, குத்திக்காட்டவில்லை. அப்பா நலமாக இருக்கட்டும். மாத்திரை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. அம்மாவுக்கு பி12 மட்டும் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன்.

---

மாலைநடை

நூல்கண்டு, எனக்கும் முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டாவதுதான். நடுவில் ஒரு மாதம் "எல்லாம் வீண்" என்று மகனிடம் சொன்னேன். அவன் பதில் சொல்லாமல் செருப்பை எடுத்துப் போட்டான், நடக்கப் போனோம். உங்கள் அப்பாவும் அப்படிச் சொல்வார், வாதாடாதீர்கள். முன்னேற்றம் நேர்கோட்டில் வராது. நல்ல நாளுக்கு அடுத்த நாள் மோசமாக இருந்தால் எல்லாம் போயிற்று என்று அர்த்தமில்லை.

முதலில் திரும்பி வந்தது எனக்கு மகிழ்ச்சி அல்ல, எரிச்சல்தான். எதற்காவது எரிச்சல்பட வேண்டுமென்றால் அதன்மேல் கொஞ்சம் அக்கறை இருக்க வேண்டுமே!

---

நூல்கண்டு (4 மாதம் கழித்து)

இழை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வந்தேன்.

இரண்டரைக் கிலோ ஏறியிருக்கிறார். ஐந்து மணிவரை தூங்குகிறார். 15 கேள்விகளில் இப்போது 4. பேச்சு சிகிச்சைக்கு முதல் இரண்டு முறை போய் வாயே திறக்கவில்லை, மூன்றாவது முறை ஒன்றரை மணி நேரம் வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் முறை. முதுகுவலி இருக்கிறது, ஆனால் அதைப் பற்றிப் பேசுவது குறைந்துவிட்டது. பழைய அப்பா முழுதாக வந்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். சில நாட்கள் இன்னும் மங்கல்தான்.

துணியை எடுத்தது நான். திருகாணிக்கு மூன்று வாரம் ஆனது. போன செவ்வாய்க்கிழமை "என் சால்டரிங் அயர்னை யார் எடுத்தது? ஒரு பொருள் வச்ச இடத்துல இருக்காதா இந்த வீட்டுல?" என்று வீடே அதிரக் கத்தினார். மாலைநடை ஐயா, உங்களை நினைத்துக்கொண்டேன்.

---

மாலைநடை

என்னிடம் ஒன்று கிடக்கிறது. சத்தம் வருகிறது, நிலையம் பிடிப்பதில்லை. அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், என்னவாக இருக்கும்?

---

நூல்கண்டு

கேட்டேன். முதலில் அது வால்வா, டிரான்சிஸ்டரா என்று கேட்கச் சொன்னார். பின்மூடியைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பச் சொன்னார். திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கவும் சொன்னார், மூன்று தடவை.